ஒட்டுக்குக் கீழே

தை மாதப் பனி.
மும்முனைக் கரண்ட் பதினோரு மணிக்குத்தான் வரும் சந்தூருக்கு.
மோட்டார் போடக் காத்திருக்கும் நேரத்தில்
கடையைத் திறக்கிறேன்,
உள்ளங்கையளவு கண்ணாடியில்.

நான் மாங்கன்று விற்கும் இணையதளத்தை
இப்போது பார்த்துக்கொள்வது ஒரு ஏஐ.
விலை ஏற்றும், படம் மாற்றும்,
தீர்ந்த ரகத்துக்கு நேரே 'இல்லை' போடும்,
தூக்கம் வராதவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதும்.
சம்பளம் மாதம் ஒருமுறை என் கணக்கிலிருந்து தானே போய்விடும்.
டீ கேட்காது.
மாதையன் கேட்பார், இரண்டு வேளை,
இரண்டாவதில் சர்க்கரை கூட.

முதல் வாரம் எழுதிக் காட்டியது:
'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்.
பாட்டனார் ஊன்றிய ஒரு கொட்டையிலிருந்து…'
எந்தப் பாட்டனார்?
என் பாட்டன் குவாரியில் ஜல்லி உடைத்தவர்.
நான் ஓசூரில் ஏழு வருடம்
வெர்னியர் பிடித்துப் பல்சக்கரம் அளந்தவள்.
ஆட்குறைப்பில் கொடுத்த பணத்துக்கு
நாலாயிரம் நாட்டுக் கன்றும்
ஒரு டப்பா பிளேடும் வாங்கினேன்.
அதை எழுது என்றேன். எழுதியது.
கடைசியில் 'ஊக்கமூட்டும் பயணம்' என்று
ஒரு துளிர் விட்டிருந்தது.
கிள்ளினேன்.

ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.
முடிச்சுக்கு மேலே துளிர்ப்பது செந்தூரா.
கீழே துளிர்ப்பது வேரின் சொந்த ஆசை.
பச்சை என்னவோ இரண்டும் ஒரே பச்சைதான்.
குனிந்து பார்த்துக் கீழதைக் கிள்ளாவிட்டால்
மேலது சத்தமில்லாமல் பட்டுப்போகும்;
கன்று மட்டும் தளதளவென்று நிற்கும்
விற்றவள் பெயரைக் கெடுக்க.

ஆகவே தினமும் குனிகிறேன்.
'அன்புடன், பண்ணைக் குடும்பம்' –
குடும்பம் ஏது? நானும் மாதையனும்
காயில் கட்டிய பழைய மோட்டாரும்.
'தேனினும் இனிய பெங்களூரா' –
அது கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய் சாமி,
கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால்
அதற்கு அது மரியாதை.

இதையும் சொல்ல வேண்டும்.
போன ஐப்பசியில் எனக்கு டெங்கு.
ஒன்பது நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்
தட்டணுக்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
இருநூற்றுச் சொச்சம் பேருக்கு அதுதான் பதில் சொன்னது.
'உரிமையாளருக்கு உடம்பு சரியில்லை, கன்று தாமதமாகும்.'
அவ்வளவுதான்; ஒரு பூச்சு இல்லை.
இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம்.
கொடுக்கட்டுமா என்று எனக்கு எழுதிவிட்டு
நான் கண் திறக்கும்வரை காத்திருந்தது.

இன்றைக்குப் பென்னாகரத்திலிருந்து முனிரத்தினம்:
'ஆடியில் வாங்கிய இமாம்பசந்து
இப்போதே பூத்துவிட்டது!'
'வாழ்த்துகள்!' என்று அது எழுதி
அனுப்பாமல் எனக்காக வைத்திருந்தது.
அழித்தேன்.
'முதல் மூன்று வருடம் பூவைக் கிள்ளிப் போடுங்கள்.
செடி தாங்காது.'
யார் கேட்டாலும் இனி இதையே சொல் என்றேன்.
சரி என்றது.

இரண்டு நிமிடத்தில் திரும்ப முனிரத்தினம்:
'வாய்விட்டுப் படித்தது தப்பாகிவிட்டது.
மகள் ஓடிப்போய்ச் செடியை மறைத்து நிற்கிறாள்,
இந்தப் பனியில், ஸ்வெட்டர்கூட இல்லாமல்.
ஒரே ஒரு கொத்து விடலாமா?'

கரண்ட் வந்துவிட்டது.
சுவிட்சைத் தட்டி, வாய்க்காலைத் திருப்பி,
சேற்றுக் காலோடு வந்து எழுதினேன்:
'ஒன்று இருக்கட்டும்.
அவள் கைக்கு எட்டுகிற கொத்தாகப் பாருங்கள்.
காயானால் கிளைக்கு முட்டுக் கொடுங்கள்.'

அது கேட்டது:
'சற்று முன் தந்த அறிவுரைக்கு இது முரணாக உள்ளது.
அறிவுரையை மாற்றிவிடட்டுமா?'

வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.
இதையும் அனுப்பு.