இரண்டு குடம்

கொதிகலனுக்குள் இறங்கும் ஓட்டை பதினாறு அங்குலம்.
பிலவேந்திரனின் தோள் நுழையவில்லை.
ஹபீப் மரைக்காரின் வயிறு
வாசலிலேயே நின்றுவிட்டது.
தினக்கூலிக்குப் புல் வெட்ட வந்த என்னை
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படித்தான் உள்ளே போனேன்.
நெற்றியில் லைட், கையில் சுத்தி,
மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு.
நாற்பது வருஷத்து உப்பு
தகடோடு தகடாய்ப் பற்றிக் கிடந்தது.
ஒரு சில்லைப் பெயர்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
எங்கள் தெரு அடிபம்பின் ருசி.

பதினோரு மாசம்.
புகைக்குழாய் நூற்றுப்பத்தையும் மாற்றினோம்.
மாற்றினோம் என்று சொல்கிறேன்,
சம்பளச் சீட்டில்
தையல்நாயகி, தோட்டவேலை
என்றுதான் கடைசிவரை இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார்.
பச்சைத் தண்ணீரை நிரப்பி
அழுத்தம் ஏற்றி அரைமணி நேரம் பார்த்தார்.
ஒரே ஒரு ஆணி வியர்த்தது.
அதை அடைத்தபின், பேனா மாதிரி ஒன்றை
போர்த் தண்ணீரில் முக்கினார்.
இரண்டாயிரத்து நானூறு.
‘இது இஞ்சினுக்கு ஆகாதும்மா,
ஒரே வருஷத்தில் குழாயெல்லாம் அடைத்துப்போகும்.’
அதில்தான் எங்கள் தெரு சோறு வடிக்கிறது.
நான் சொல்லவில்லை.
அவருக்கு ஐந்தரை பஸ்.

ஆகவே கொள்ளிடத்துத் தண்ணீர்
லாரியில் நாகப்பட்டினம் வந்தது.
இரண்டு நடை, பன்னிரண்டாயிரம் லிட்டர்.
விடிகாலை மூன்று மணி.
டிரைவர் டீக்குப் போன நேரத்தில்
குழாய் முனையை
என் குடத்துக்குத் திருப்பினேன்.
ஒன்று.
திரும்பிப் பார்த்தேன்.
இன்னொன்று.

கருவேலங்கட்டையை அடுக்கி
எண்ணெய்த் துணியில் நெருப்பு வைத்தார் ஹபீப்.
அவசரப்படுத்தினால் தகடு கோபித்துக்கொள்ளும் என்றார்.
எட்டு மணி நேரம் அவசரப்படுத்தவில்லை.
முள் சோம்பல் முறித்து
ஒவ்வொரு கோடாய் ஏறியது.
கண்ணாடிக் குழலில் நீர்மட்டத்தைப் பார்ப்பது என் வேலை.
குறைந்தால் கத்த வேண்டும்.
குறைந்தால், என்று நினைக்கும்போதெல்லாம்
தொண்டை அடைத்தது.

ரிப்பன், மைக், பள்ளிப் பிள்ளைகள்.
மேடையில் நிறையப் பேருக்கு நன்றி சொன்னார்கள்.
தோட்டத்தை அழகாய் வைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

பிலவேந்திரன் பிடியை இழுத்தார்.
சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது,
சேற்றில் சிக்கிய டிராக்டர் போல.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
மைக்கிலிருந்தவர் பேச்சை மறந்துவிட்டார்.
‘மணல்!’ என்றார் ஹபீப்.
கடலை வறுக்கிற சட்டியில்
முந்தாநாள் நான் வறுத்து வைத்த கடற்கரை மணல்.
பால் டின்னோடு குதித்து
தண்டவாளத்தின் மேல், கோலப்பொடி விடுகிற விரலால்,
இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டே ஓடினேன்.

நகர்ந்தது.

முந்நூறு மீட்டர்தான் பாதை.
கொட்டகையில் தொடங்கி
இறால் குட்டை வேலியில் முடிகிறது.
அதுவரை போனது. ஊதியது.
குட்டைக் கொக்குகள் எழுந்து,
யோசித்து, மறுபடி உட்கார்ந்தன.
பின்பக்கமாகவே திரும்பி வந்தது.
அன்றைக்கு ஒன்பது தரம் போய் வந்தது.
ஒன்பது தரமும் எங்கேயும் போகவில்லை,
பிலவேந்திரன் மட்டும்
தொலைதூரம் ஓட்டியவர் மாதிரி
முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் நெருப்பை வாரிக் கொட்டினோம்.
கண்ணாடிக் குழலில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.
இரண்டு குடத்தை
அது காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டில்
கழுவிக் கழுவிப் பார்த்தும் நகக்கண்ணில் கரி.
அடுப்பில் துவரம்பருப்பு.
எங்கள் தண்ணீரில் அது ஒருநாளும்
முழுசாய் வெந்ததில்லை.
மூன்றாவது விசிலில் இறக்கினேன்.
கரண்டியால் லேசாய் அழுத்தினேன்.

குழைந்தது.

மகன் கேட்டான்:
‘என்னம்மா போட்ட?’