பிழையில்லை

அதிகாலை மூன்றே கால். லாங்னாவில்
எங்கள் பேக்கரியின் ஜன்னல் மட்டும் மஞ்சள்.
மாவு பிசையும் இயந்திரம் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.
ஆர்டர் பட்டியல் கணினிக்குள்.
கணினி பூட்டிக்கிடக்கிறது.

விசைப்பலகையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு,
நேற்றைய மாவு, முந்தாநாள் மாவு,
பதின்மூன்று எழுத்தை அடிக்கிறேன்.
பதின்மூன்று கறுப்புப் புள்ளிகள்.
கடவுச்சொல் தவறு.

மெய்யெழுத்துக்குத்தான் புள்ளி என்று
இரண்டாம் வகுப்பில் படித்தது.
இங்கே மெய்க்கும் புள்ளி, பொய்க்கும் புள்ளி.
என்ன அடித்தேன் என்று எனக்கே காட்டாமல்
தப்பு என்று மட்டும் சொல்கிறது.

தினமும் இப்படி என்றால் பரவாயில்லை,
கெட்டது என்று தூக்கிப்போடலாம்.
செவ்வாய் திறந்தது. புதன் இல்லை.
வியாழன், மூன்றாம் தடவையில்.
அடுத்த திங்கள்
ஐந்துமுறை தோற்று, கால்மணி நேரம் முகம் கொடுக்கவில்லை.
நினைவிலிருந்தே உருட்டினேன் வெக்லி பன்னை.
நாற்பது அதிகம். பள்ளிக்கூடத்துக்கு இனாமாகப் போனது.

ஆறு மணிக்கு முதலாளி லூத்தி வருவார்.
ஒற்றை விரலால் தட்டுவார், திறந்துவிடும்.
என்னைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.
சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பெர்னிலிருந்து ஃபோனில் நுஸ்பாவ்ம்:
கேப்ஸ் லாக் எரிகிறதா? இல்லை.
வயர்? மாற்றியாயிற்று.
கவிழ்த்துத் தட்டுங்கள்.
தட்டினேன். ஒரு தேக்கரண்டி மாவு, இரண்டு எள்.
புதுக் கடவுச்சொல் போடுவோமா?
முதலில் மழை. பிறகு கிழங்கு.
என் கை எப்போதும் ழகரத்துக்கே போகும்.
மூன்றாம் முறை, கோபத்தில்,
'பிழையில்லை' என்றே வைத்தேன்,
ஆங்கில எழுத்தில், கடைசியில் ஓர் ஏழு.
அதையும் பிழை என்றது.

பிறகு என்னையே சந்தேகிக்கத் தொடங்கினேன்.
ரயிலில் முழங்கால்மேல் விரலோட்டிப் பார்ப்பது,
அடுப்பை அணைத்தேனா என்று மறுபடி படியேறுவது.
ஒருநாள் மனைவியிடம்,
நம் கல்யாணத் தேதியைச் சொல்லு, சரிபார்க்கவேண்டும் என்றேன்.
நான் நினைத்த தேதிதான். அவள் பயந்துபோனாள்.

சனிக்கிழமை. ஞாயிறுக்கான பின்னல் ரொட்டி, ட்சோப்ஃப்.
முதல்நாள் முதலாளி அச்சிட்டு ஒட்டிய தாளில்
'யோப்ஃப், அறுபது' என்றிருந்தது.
கண்ணாடி மாற்றச் சொல்லணும் என்று சிரித்தாள் கடைக்கார மிரியல்.
நானும் சிரித்தேன்.
சிரித்து முடிக்கவில்லை.

பெயர் எழுதும் கட்டம் எதையும் ஒளிப்பதில்லை.
அதற்குள் கடவுச்சொல்லை அடித்தேன்.
'பிய்ஹைசில்லை' என்று வந்தது.
கோடையில் வேலைக்கு வந்த லீட்ஸ் பையன் கேலம்
தன் ஊர்ப் பலகையையும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அமுங்கினால் போதும்,
சுவிஸ் பலகை ஆங்கிலமாகும்,
இசட்டும் வையும் நாற்காலி மாறி உட்காரும்.
மேலே அச்சடித்த எழுத்து அப்படியே இருக்கும்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

அமுக்கியது யார் என்று கேட்க வாய் திறக்கும்போதே
என் உள்ளங்கை மாவைப் பார்த்தேன்.
ஒருமுறை துடைத்தால் பூட்டு.
அழுக்கு போகவில்லையே என்று இன்னொருமுறை துடைத்தால் திறப்பு.
ரயில் தாமதமாகி ஓடிவந்த நாளில்
துடைக்கவே இல்லை.

முதலாளியின் கடவுச்சொல் அவர் நாயின் பெயர், நேரோ.
இசட்டும் கிடையாது, வையும் கிடையாது.
எந்தப் பலகையிலும் குரைக்கும்.

அவருக்குக் காட்டினேன்.
இரண்டுமுறை மாற்றிக் காட்டச் சொன்னார்.
"ஆ, ஸோ" என்றார்.
போகிற வழியில் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
தாளில் யோப்ஃபைத் திருத்திவிட்டுப் போனார்.

இப்போதும் துடைக்கிறேன்,
திறந்த பிறகு.

வீட்டில்தான் இன்னும் சரியாகவில்லை.
பருப்புக்குத் தாளிக்கும்போது திடீரென்று திரும்பி
கல்யாணத் தேதி என்ன என்கிறாள்.
சொல்கிறேன்.
கொஞ்சம் பொறுத்துத்தான்
தலையாட்டுகிறாள்.