முதல் வரியில் இருப்பவர்

காலபோக உர மானியப் பதிவு
திங்கள் காலை எட்டுக்குத் திறக்கும்.
எட்டு ஒன்றுக்கே ஆறாயிரம் பேர் வந்து தட்டினால்
சேர்வர் நிற்குமா, விழுமா
என்று முன்கூட்டியே பார்ப்பது என் வேலை.

ஆறாயிரம் பேரையும் நானே உண்டாக்கினேன்.
முதல் வரியில் வேலும்மயிலும்.
முரசுமோட்டை, ஒன்றரை ஏக்கர்,
பத்து இலக்கத்தில் ஒரு விவசாயி எண்,
நிரலில் இடம் இருந்ததால் கொஞ்சம் கடன்.

கிளிநொச்சியில் என் மேசையிலிருந்து
மாங்குளம், மல்லாவி, முள்ளியவளை
மூன்று பயிற்சி நிலையங்களின் பழைய கணினிகளுக்கு
தொடங்கு என்றேன்.
தொடங்கின. உடனே நின்றன.
கோப்பு கிடைக்கவில்லை.

கந்தோர் யன்னல்களில் இந்தச் சொல்லைக்
கேட்டுக் கேட்டு
இங்கே எல்லாருக்கும் வயிற்றில் ஓரிடம் மரத்துப்போயிருக்கும்.
ஆனால் இது என் கோப்பு.
என் கண்முன்னே இருக்கிறது.
இரண்டு தரம் திறந்து பார்த்தேன், இருக்கிறது.

மாங்குளத்திலிருந்து அனோஜிதன் போனில் சிரித்தான்.
"அக்கா, அது உங்கட மேசையில இருக்கு.
இஞ்ச இருக்கோ?"

கட்டளை மட்டும்தான் போகும்.
இரணைமடுக் கதவைத் திறந்தால்
தண்ணீர் கடைசி வயல்வரை வரும்,
விதைநெல் வாய்க்காலில் வராது.
அது அவரவர் வீட்டுச் சாக்கில்
ஏற்கெனவே இருக்க வேணும்.

அனுப்பினேன் மூன்று இடத்துக்கும்.
மல்லாவி மட்டும் இன்னும் இல்லை என்றது.
முக்கால் மணித்தியாலம், இரண்டு பிளேன்ரீ.
கோப்பின் பெயரில் ஒரு பெரிய எழுத்து.
என் கணினி அதைப் பொருட்படுத்தியதே இல்லை.
மல்லாவியில் இருப்பது லினக்ஸ்,
எழுத்து மாறினால் ஆளே வேறு அதற்கு.

பிறகு மூன்றும் ஓடின.
ஒரே நொடியில் வேலும்மயிலும்
மாங்குளத்திலிருந்து வந்தார்,
மல்லாவியிலிருந்து வந்தார்,
முள்ளியவளையிலிருந்தும் வந்தார்.
ஒருவரை உள்ளே விட்டு
மற்ற இருவரையும் பார்த்து
நீங்கள் முன்னரே பதிந்துவிட்டீர்கள் என்றது சேர்வர்.
அதைப் பிழை சொல்ல முடியாது.

மூன்று கணினியும் ஒரே பட்டியலை
முதலிலிருந்தே வாசித்திருக்கின்றன.
இரண்டாயிரம் பேர் மும்மூன்று தரம் வந்துபோக
மிச்சம் நாலாயிரம் பேரை
எவரும் கூப்பிடவேயில்லை.
வரைபடத்தைக் கேட்டால்
ஆறாயிரம் என்றுதான் சொல்லும்.

பட்டியலை மூன்றாய்ப் பிரித்தோம்.
முதல் துண்டை நான் நோட்பாடில் வெட்டிச் சேமித்தேன்,
மற்ற இரண்டையும் அனோஜிதன் ஒரு கட்டளையால்.
பழைய பதிவுகளை அழித்து
மெதுவாய் ஒரு ஒத்திகை.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் சரி.
ஒருவர் பிழை.
வேலும்மயிலும்.

அவரது எண்ணைத் திரையில் விரல்வைத்து எண்ணினேன்.
பத்து.
இயந்திரம் பதினொன்று என்றது.
மறுபடி எண்ணினேன். பத்து.

வெளியே மழை பிடித்திருந்தது,
ஏ9 றோட்டில் யாழ்ப்பாணம் போகும் கடைசி பஸ்
சேற்றை அடித்துக்கொண்டு போனது.
கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்தேன்.
அவருக்கு முன்னால்,
பட்டியலின் வாசலிலேயே,
கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி.
நோட்பாட் தன் அடையாளமாய் விட்டுப்போனது.
அதைத் தன் எண்ணோடு சேர்த்துச் சுமந்துகொண்டு
ஒவ்வொரு தரமும் வந்து
ஒவ்வொரு தரமும் திரும்பிப் போயிருக்கிறார் மனுசன்.

இல்லாத ஒருவருக்காக
இரவு பத்தே முக்காலுக்கு
வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.
அனோஜிதன் என்னவென்று கேட்டான்.
ஒன்றுமில்லை என்றேன்.

குறியை அழித்தேன். முழு வேகத்தில் விட்டேன்.
கோப்புக் கிடைத்தது மூன்று இடத்திலும்.
ஆறாயிரம் பேரும் புறப்பட்டார்கள்.

நாலாயிரத்துச் சொச்சம் பேரில்
சேர்வர் விழுந்தது.

நல்லது.
இனித்தான் என் வேலை.
வேலும்மயிலும் அதற்குள்
உள்ளே போய்விட்டார்.