மூன்றாம் மாடி அடுப்பு

பால் வெதுவெதுப்பு, வெண்ணெய் இளக்கம்,
ஈஸ்ட் ஒரு கட்டி,
உப்பில் மட்டும் கொஞ்சம் தாராளம்.
சனிக்கிழமை மாலை.
நாளைக் காலைக்கான சோப்ஃப் ரொட்டிக்கு
பர்க்டார்ஃப் முழுக்க யாரோ மாவு பிசைகிறார்கள்.

என் காது மடலைத் தொட்டுப் பார்த்து
மாவைத் தொட்டுப் பார்க்கிறேன்.
அதே பதம்.
ஈரத்துணி போர்த்தி அதைத் தூங்கவிட்டு
சலவையறை அட்டவணையை
மறுபடியும் படிக்கிறேன், கோபத்தை
ஆறவிடாமல் வைத்திருக்க.

மூன்றாம் மாடி ஓடர்மாட்டுக்கும் எனக்கும்
பதினொரு மாதமாகப் பேச்சில்லை.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்.
துணி உலர்த்தும் எந்திரத்தின் வடிகட்டியில்
அவர் விட்டுப்போகும் பஞ்சு.
சாம்பல் நிறம், ஓர் எலிக்குஞ்சு அளவு.
சீட்டு எழுதி ஒட்டினேன்.
என் சீட்டின் எழுத்துப்பிழையை
சிவப்பு மையால் திருத்திவிட்டுப் போனார்.
அவ்வளவுதான்.
அன்றிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
இருவரும் கைப்பிடிக் கம்பிக்கு வணக்கம் சொல்கிறோம்.

மாவு இரண்டு மடங்கானது.
இரண்டு நீளத் திரிகள், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக.
இப்போது நான்கு நுனிகள்.
மேலே கிடந்தது கீழே வரும், கீழே கிடந்தது மேலே.
மூன்று கால் சடை போட்டுப் பழகிய கைக்கு
முதலில் பிடிபடாது இது.
இழுத்தால் முறைத்துக்கொண்டு சுருங்கும்,
விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.
தலை பருத்து வால் மெலிந்து
தட்டில் படுத்ததை
மஞ்சள் கருவால் இரண்டு முறை பூசினேன்.

அடுப்பின் குமிழைத் திருப்பினேன்.
பட்.
கருகிய நாற்றம். பிறகு எதுவுமில்லை.

வீட்டுக்காரரின் அலுவலகம் இனி திங்கட்கிழமைதான்.
ஈஸ்டுக்குத் திங்கட்கிழமை தெரியாது.
முதல் மாடித் தம்பதி மலையேறப் போயிருந்தார்கள்.
கீழ்வீட்டு ரோஸ்விதாவின் அடுப்பில்
அரை ரொட்டிக்குக்கூட இடம் போதாது.

தட்டை இரு கைகளிலும் ஏந்தி ஏறினேன்.
முப்பத்தாறு படிகள்.
ஒவ்வொரு படியிலும் அது லேசாக நடுங்கியது,
அல்லது நான்.
கை காலியில்லை,
முழங்கையால் மணியை அழுத்தினேன்.

கதவு திறந்தது.
என்னைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்தார்.
“எத்தனை டிகிரி?” என்றார்.

அவருடைய அடுப்புக்குள்
ஐந்து வாணலிகள், ஒரு வாஃபிள் இரும்பு,
இன்னும் உறை பிரிக்காத கையேடு.
ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார்,
அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில்.
ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறாராம்.
இதுவரை அடுப்பைப் பற்றவைத்ததில்லை.

நாற்பது நிமிடம்.
மேசையில் பாதி நிரம்பிய குறுக்கெழுத்து,
பக்கத்தில் அந்தச் சிவப்புப் பேனா.
பேனாவை நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
கண்ணாடிக்குப் பின்னால்
ரொட்டி முதுகை உயர்த்தி, பொன்னாகி,
பிறகு கொன்றை விதையின் நிறத்துக்கு வந்தது.
சுட்ட வெண்ணெயின் மணத்தில்
வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது
கஷ்டமான வேலை.

கவிழ்த்து அடியைத் தட்டிக் காட்டினேன்.
உள்ளே வெற்றிடம் பேசினால் வெந்துவிட்டதென்று பொருள்.
அவரும் ஒற்றை விரல் மடக்கித் தட்டினார்,
தயங்கித் தயங்கி, ஒரு கதவைத் தட்டுவதுபோல்.

சூட்டில் அறுக்கக் கூடாது.
அறுத்தோம்.
வால்பக்கம் போதும் என்றார், மொறுமொறுப்பாக இருக்குமே.
தின்று முடித்து,
“உப்பு ஒரு சிட்டிகை அதிகம்” என்றார்.
அது உண்மைதான்.
வாணலிகள் தரையிலேயே இருந்தன.

செவ்வாய் என் சலவை நாள்.
வடிகட்டியைத் திறந்தேன். பஞ்சு இருந்தது.
இரண்டு விரலால் எடுத்தேன்.
எடையே இல்லை அதற்கு, இளஞ்சூடு மட்டும்.
குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால்
சுவரில் என் சீட்டு
இன்னும் அங்கேதான்,
பிழையில்லாமல்.