388

டர்பனில் குன்றின் மேல் எங்கள் ஆய்வுக்கூடம்.
இரண்டு மணிக்கு மின்சாரம் போகும்,
அட்டவணை கதவிலேயே ஒட்டியிருக்கிறது.
அதற்குள் ஒரு சுடுகை.

ம்தொகோசிசி அலுமினியத் தகட்டைக் குழாயின் நடுவில் வைத்து
பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்குகிறார்,
கார்ச் சக்கரத்துக்கு முறுக்குவதுபோல் எதிரெதிராக.
இந்தப் பக்கம் ஹீலியம், திணறத் திணற.
அந்தப் பக்கம் காற்று,
இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு.

தகடு கிழியும். நான்கு இதழாக விரியும்.
அலை வரும்போது காற்றுக்கு ஒதுங்க நேரமிருக்காது.
ஒதுங்க முடியாதது சூடாகும்,
எட்டாயிரம் பாகையில்
தன்னிடம் இருப்பதையெல்லாம் சொல்லிவிடும்.

நான் கேட்பது இரண்டு மைக்ரோ வினாடி.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இங்கே பானையே அந்த ஒரு சோறுதான்.

டப்.

திரையில் நைட்ரஜன், சீப்பின் பல்லாக.
சிவப்பின் கடைசி ஓரத்தில் ஆக்சிஜன்.
589இல் சோடியம்.
"உங்கள் கையா, டாக்டர் மூட்லி?"
நான் சன்னலைக் காட்டினேன். கீழே இந்து மாக்கடல்.
உப்பு உள்ளே வர ஆயிரம் வழி.

ஆனால் 388இல்
ஓர் ஊதா, கூச்சமில்லாமல்.
கரியும் நைட்ரஜனும் கைகோத்தால் வருகிற ஊதா.
காற்றில் இவ்வளவு கரி ஏது?

பம்ப் எண்ணெயைச் சந்தேகித்தோம்.
ரப்பர் வளையத்தை மாற்றினோம்.
துடைத்த துணியைக்கூட விசாரித்தோம்.
கடைசியில் அவர் கூரைக்கு ஏறி
காற்று உறிஞ்சும் வாயின் வடிகட்டியோடு இறங்கினார்.
ஓரம் கிழிந்திருந்தது. மீதி கறுப்பு.
விரலில் தேய்த்து முகர்ந்து,
"உமோபா" என்றார்.

கரும்பு.
வடகரையில் வெட்டுக்கு முன் தோகையைக் கொளுத்துகிறார்கள்.
மூன்று நாளாக ஊரெங்கும் கறுப்புத் தூறல்,
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் திரும்பவும் வாளிக்கு.

இந்த இடத்தில் நான்
கப்பலை எழுதுவேன், தோட்டத்தை எழுதுவேன்,
பாட்டனாரின் பாட்டனாருக்குக் கொடுத்த ஒப்பந்த எண்ணை எழுதுவேன்
என்று காத்திருப்பீர்கள்.
எனக்கு அந்த எண் தெரியாது.
தெரிந்தது 388.3,
அதன் பிழைவரம்போடு.

பதிவேட்டில் மாசு என்றொரு கட்டம் உண்டு.
கரி, என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம்: மூலம்.
பேனா கொஞ்சம் நின்றது.
உள்ளூர், என்று எழுதினேன்.
ம்தொகோசிசி எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் புது வடிகட்டிக்கு விலை கேட்கப் போனார்.

மறுநாள் சிலிண்டர் காற்று.
ஊதா போயிற்று. படம் அழகு.
கட்டுரைக்கு அதுதான் போகும்.

மாலை காரில் ஏறி வைப்பரைப் போட்டேன்.
தண்ணீர் தீர்ந்திருந்தது.
கண்ணாடி முழுக்க
இரண்டு கறுப்பு வில்.