உட்கார்ந்தேன்

கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
இருபத்தொன்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான்.
ஈரம் சொட்டும் ஃபிலிமில்
ஊரின் இடுப்பெலும்புகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன்.
தொடை எலும்பின் கழுத்து முறிந்தால்
கால் சற்றே குட்டையாகும்,
பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.
ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போதே சொல்லிவிடுவேன்.

எப்படி விழுந்தீங்க?
கால் வழுக்கிடுச்சு, என்பார்கள்.
எல்லோரும் அதையே.
மழைமேல், பாசிமேல்,
மருமகள் கழுவிவிட்ட தரைமேல் பழி.
ஒரசோலை போஜன் மட்டும் யோசித்துச் சொன்னார்:
"விழல சார். தரை வந்து வாங்கிக்கிச்சு."
மூச்சைப் பிடிச்சுக்கோங்க, என்றேன்.
வேறென்ன சொல்ல.

இப்போது இரவு இரண்டே முக்கால்.
எனக்கு எழுபத்து மூன்று.
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று,
தூக்கத்துக்கு அரை.
நீர் மாத்திரை எழுப்புகிறது
தூக்க மாத்திரை தோளைப் பிடித்து அழுத்துகிறது
வழக்கு முடியுமுன் எழுந்து நின்றுவிட்டேன்.
ரத்தம் இன்னும் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சர்க்கரை அரித்த பாதங்கள்,
அவற்றின்மேல் கம்பளி சாக்ஸ்;
தரை எங்கே தொடங்குகிறதென்று
சேதி வந்துசேர நேரமாகிறது.
மூக்குக்கண்ணாடி ஜன்னல் கட்டையில்.
சுவிட்ச் ஆறடி தள்ளி.
கைப்பிடிக் கம்பி மாட்டச் சொன்னாள் மகள்;
வீடு வார்டு மாதிரி ஆகிவிடும் என்றேன்,
வார்டிலேயே வாழ்ந்தவன்.

பிறகு
சுவர் இருந்த இடத்தில் இல்லை.

"என்ன சத்தம்?"
"ஒண்ணுமில்ல. உட்கார்ந்தேன்."
"தரையிலயா? இந்தக் குளிர்லயா?"
"ஆமா."

அமலோற்பவம் விளக்கைப் போடவில்லை.
கட்டில் விளிம்பைப் பிடித்து, பீரோவைப் பிடித்து,
என் தலையைப் பிடித்து,
ஒவ்வொரு முழங்காலாகச் சம்மதிக்கவைத்து
பக்கத்தில் இறங்கினாள்.
போர்வையைப் பாதி தந்தாள்.
வெகுநேரம் கழித்து,
"போன மாசம் கேரட் பாத்தியில
நானும் உட்கார்ந்தேன்" என்றாள்.
"ரெண்டு தடவை."

அதனால்தானா
சந்தைக்குப் போவதை நிறுத்தினாள்,
சர்ச்சுக்கு ஆட்டோ கேட்டாள்,
நடக்காத கால்கள் மெலிந்துகொண்டே வந்தன?
படம் என் வீட்டுக்குள்ளேயே தொங்கியிருக்கிறது.
நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

இருட்டில் என் பாதத்தைத் தடவினேன்.
கட்டைவிரல் நேராகக் கூரையைப் பார்த்தது.
அவளுடையதையும் தடவினேன்.
"கூசுது" என்றாள்.

நாளைக்குக் கம்பி மாட்ட ஆள் வரச்சொல்லலாம்.
நாளைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது,
வெளியே பனி.
யார் முதலில் எழுந்து
யாருக்குக் கை கொடுப்பது என்பதுதான் பாக்கி.