பூஜ்யமாவது மாதம்

கல்யாணப் பந்தியில்
இலை இலையாக வந்து கேட்டார்கள்:
"விசேஷம் ஏதும் உண்டா?"
அப்பளத்தை நொறுக்கினேன்.
அந்தச் சத்தத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதத்துக்குப் பூ இருக்கிறது,
ஏழாம் மாதத்துக்கு வளையல்,
ஒன்பதுக்குக் கட்டுச்சோறு.
முதல் மாதத்துக்கும் முந்தியதற்கு
ஒரு குங்குமக் கீற்றுகூட இல்லை.
நானாக வைத்த பெயர், பூஜ்யமாவது மாதம்.
எனக்கு இது பதினான்காவது தடவை நடக்கிறது.

ஈசூன் வீட்டு ஃப்ரிட்ஜில்
தோசைமாவுக்குப் பக்கத்தில் ஊசிப்பெட்டி.
இரவு ஒன்பது மணி,
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
மூன்று நாள் இளம்பரிதி போட்டான்.
(ஃபோலிக் மாத்திரையையும் என்னோடு விழுங்குகிறான்.
உனக்கெதற்கு என்றால்
"துணைக்கு" என்கிறான்.)
நான்காம் நாள் ஜூரோங் தீவில் அவனுக்கு இரவு வேலை.
ஊசியை நிமிர்த்திப் பிடித்தபடி
ஒன்பது பத்து வரை
என் வயிற்றோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு எதிர்வீட்டு இரும்புக் கதவைத் தட்டினேன்.
தொழுத வெள்ளை உடையிலேயே வந்தாள் ஹஸ்லிண்டா.
ஆறு வருடத்தில் லிஃப்டுக்குள் நாங்கள் பேசியது
மழை, மீன் விலை. அவ்வளவுதான்.
ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
எதற்கு என்று கேட்கவில்லை.
"அப்பாவுக்குப் பதினோரு வருஷம் இன்சுலின் போட்ட கை இது.
சதையைக் கிள்ளிப் பிடி. மூச்சை விடு."
விட்டேன்.
எத்தனை நாள் மூச்சோ அது.

மறுநாள் ஒன்பதுக்கு அவளே வந்தாள்.

விமான நிலையத்தில்
ஊராரின் பெட்டிக்குள் இருப்பதைத்
திரையில் பார்க்கும் வேலை எனக்கு.
ஸ்கேன் உள்ள காலைகளை எல்லாம்
ஹுவீ மின் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.
மேலாளரிடம் என்ன சொன்னாளோ.
கோப்பிக்கடையில் எனக்கு பார்லி வாங்கி வருவாள்;
ஒரு வாரம் போனபிறகுதான் கவனித்தேன்,
அவள் குவளையிலும் பார்லி.
"கோப்பி குடிச்சா தூக்கம் வரலை" என்றாள்.
பேருந்தில் உட்கார்ந்ததும் உறங்கிவிடுபவள்.

ஊசிகள் முடிந்து நாளாயிற்று.
நாளை மருத்துவமனையிலிருந்து அழைப்பார்கள்.
இல்லை என்று சொல்வதற்கென்றே
அந்தத் தாதி ஒரு குரல் வைத்திருக்கிறாள்,
பஞ்சு மாதிரி. எனக்கு அது பழக்கம்.

மணி ஒன்பது.
கதவில் தட்டும் ஓசை.
தூக்குப் பாத்திரத்தில் பச்சைப்பயறுக் கஞ்சி,
தேங்காய்ப்பால் வாசனை.
"இன்றைக்கு ஊசி இல்லையே, ஹஸ்லிண்டா."
"தெரியும்" என்று
செருப்பைக் கழற்றினாள்.